ஓட்ஸா, அரிசியா, கேழ்வரகா, கம்பா? வீட்ல தானியப் பால் எடுக்கறதுக்கு முன்னாடி படிங்க

முதல் தடவை நான் வீட்ல ஓட்ஸ் பால் எடுத்து டீ போட்டப்ப எங்கம்மா ஒரு வாய் குடிச்சுட்டு டம்ளரை கீழ வெச்சுட்டாங்க. "ஏண்டி, இது டீயா, இல்ல கஞ்சில டீத்தூள் போட்டியா?" அவங்க சொன்னதுல தப்பே இல்ல. மாட்டுப் பாலை எப்படி டீத்தூளோட சேர்த்து பொங்க பொங்க கொதிக்க விடுவோமோ அதே மாதிரி ஓட்ஸ் பாலையும் கொதிக்க விட்டேன், அது அஞ்சு நிமிஷத்துல கரண்டில ஒட்டற கெட்டிக்கு வந்துடுச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா எங்க வீட்ல நாலு தானியத்துலயும் மாத்தி மாத்தி பால் எடுத்துப் பாத்தாச்சு, காரணம் அப்பாவுக்கு பால் குடிச்சா வயிறு உப்பிக்கும். சொந்தத்துலயும் ஆபீஸ்லயும் இப்ப ஆளாளுக்கு இதே கேள்விதான், பால் நிறுத்தப் போறேன் எதுல ஆரம்பிக்கலாம்னு. ஒருத்தருக்கு லாக்டோஸ், அதாவது பால்ல இருக்கற சர்க்கரை, செரிக்காத பிரச்சன, ஒருத்தர் வீகன், பால் முட்டை எதையும் தொடாதவர், இன்னொருத்தர் கடைல பாக்கெட் ஓட்ஸ் பால் லிட்டர் முந்நூறு ரூபா பக்கத்துல விக்கறதைப் பாத்துட்டு வீட்லயே பண்ணிடலாம்னு கிளம்பினவர். மூணு பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஒன்னு மட்டும் பொது, தானியத்துல இருந்து எடுக்கற எந்தப் பாலும் அடிப்படைல நீர்த்த மாவுதான், அதை மனசுல வெச்சுக்கிட்டா பாதி ஏமாத்தம் குறையும்.

எதை எதை வெச்சு பாக்கணும்

நான் பாக்கறது அஞ்சு விஷயம். டீ காபில ஊத்தினா தாங்குமா. மாட்டுப் பால்ல கிடைக்கற சத்து எவ்வளவு திரும்ப வரும். லிட்டருக்கு என்ன செலவு. எவ்வளவு நேரம், எத்தனை பாத்திரம். ஃப்ரிட்ஜ்ல எத்தனை நாள் நிக்கும். ருசியை தனியா சேர்க்கல, ஏன்னா அது அவங்கவங்க நாக்கு, எனக்கு கேழ்வரகு வாசம் பிடிக்கும் என் தம்பிக்கு அந்த டம்ளர் பக்கத்துல வந்தாலே ஆகாது.

முதல் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கணும். தானியத்துல பெரும் பங்கு மாவுச்சத்து. தண்ணில இருக்கற மாவுச்சத்தை சூடு பண்ணினா சுமார் 60 டிகிரிக்கு மேல ஒவ்வொரு துகளா தண்ணியை உறிஞ்சி உப்பும், அதுதான் கஞ்சி கெட்டியாகறது. ஓட்ஸுக்கு இது சீக்கிரமே, 60 டிகிரிய ஒட்டியே ஆரம்பிச்சுடும், அரிசிக்கு பொதுவா 70 டிகிரி பக்கம். கொதிக்கற டீ 100 டிகிரி. அதனால எந்த தானியப் பாலா இருந்தாலும் டிகாக்‌ஷனைத் தனியா போட்டு, வடிகட்டி, ஒரு நிமிஷம் ஆறவிட்டு, கடைசில பாலை ஊத்தணும். அடுப்புல சேர்த்து கொதிக்க விடற பழக்கம் இருக்கறவங்க ஒன்னு அதை விடணும் இல்ல டீயை விடணும், எங்கம்மா ரெண்டையும் விட மாட்டேன்னுட்டாங்க.

ஓட்ஸ் பால்

வேலை ரொம்ப கம்மி. 100 கிராம் ஓட்ஸுக்கு ஒரு லிட்டர் நல்லா ஜில்லுனு இருக்கற தண்ணி, மிக்ஸில 20, 25 செகண்ட், அதுக்கு மேல வேண்டாம். மெல்லிசு துணில வடிகட்டி, பிழியாம தானா இறங்க விடுங்க. ஊற வைக்க வேண்டியதில்ல. நிறைய பேர் பண்ற தப்பு என்னன்னா ராத்திரி ஊறவெச்சு காலைல நல்லா நைஸா அரைச்சு துணியைப் போட்டு முறுக்கி பிழியறது, அப்படிப் பண்ணினா ஒரு வழவழப்பு வந்துடும், வெண்டைக்காய் தண்ணி மாதிரி. ஓட்ஸ்ல இருக்கற பீட்டா குளுக்கன்ங்கற நார்ச்சத்தோட வேலை அது. உடம்புக்கு நல்லதுதான், கொலஸ்ட்ரால் குறைய உதவும், ஆனா காபில நாக்குல ஒட்டிக்கிட்டு நிக்கறப்ப யாருக்கு அந்த ஞாபகம் வரும்.

சத்து கணக்குக்கு வருவோம். 100 கிராம் ஓட்ஸ்ல புரதம் 13 கிராம் சுமாரா இருக்கும். அது முழுசும் பால்ல இறங்கினாக்கூட 100 மிலிக்கு 1.3 கிராம்தான், பாதி சக்கையோட போயிடும்னு வெச்சா ஒரு கிராம் தேறாது. பசும்பால்ல 100 மிலிக்கு 3.2 கிராம். கால்சியம் கிட்டத்தட்ட இல்லவே இல்லன்னு வெச்சுக்கங்க, கடை பாக்கெட்ல இருக்கறது வெளில இருந்து சேர்க்கறது. கடை பால் காபில திரியாம நிக்கறதுக்கும் கிரீமியா இருக்கறதுக்கும் அதுல எண்ணெயும், புளிப்பை சமன் பண்ற பாஸ்ஃபேட் உப்பும் போடறதுதான் காரணம், வீட்டுப் பால் காபில சில சமயம் பொரிப்பொரியா பிரிஞ்சு நிக்கும், அது கெட்டுப் போனதில்ல. இதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி, முக்கால் பங்கு ஓட்ஸ் பால் கால் பங்கு தேங்காயோட ரெண்டாம் பால். கொழுப்பு கொஞ்சம் சேர்ந்ததும் டீயோட நிறமே மாறிடும்.

செலவு எங்க ஏரியால 100 கிராம் ஓட்ஸ் 20 ரூபா சொச்சம். லிட்டருக்கு இந்த விலைன்னா கடை பாக்கெட்டோட ஒப்பிட்டா மலிவு, ஆனா ஆவின் நீலப் பாக்கெட்டோட ஒப்பிட்டா சும்மா பேருக்குத்தான் மலிவு, 2022 நவம்பர்ல ஆரஞ்சு பாக்கெட்டை லிட்டர் 60 ரூபாயா ஏத்தினப்பவும் நீலம் 40 ரூபாய்லயே இருந்துச்சு. 40 ரூபாய்க்கு முழு புரதம் கால்சியம் எல்லாம் வருது, இங்க 20 ரூபாய்க்கு வெள்ளைத் தண்ணி. பணத்தை மிச்சப்படுத்தத்தான் மாறப் போறீங்கன்னா யோசிங்க.

கோதுமை ஒத்துக்காதவங்க சும்மா ஓட்ஸ்தானேன்னு எடுக்க வேண்டாம். வயல்லயும் மில்லுலயும் கோதுமையோட கலந்துடும், குளூட்டன், அதாவது கோதுமைல இருக்கற அந்த ஒத்துக்காத புரதம், இல்லைன்னு தனியா போட்டிருக்கற பாக்கெட்தான் வாங்கணும்.

அரிசிப் பால்

அரிசியை நாலஞ்சு மணி நேரம் ஊறவெச்சு ஒன்னுக்கு நாலு தண்ணி விட்டு அரைச்சு வடிகட்டறது ஒரு வழி, மிச்ச சாதத்தை தண்ணி விட்டு அடிச்சு வடிகட்டறது இன்னொரு வழி. ரெண்டாவது கஞ்சித்தண்ணியேதான், மரியாதையா வேற பேர் வெச்சிருக்கோம். பச்சையா எடுத்த பால் கொஞ்ச நேரத்துல அடில வெள்ளையா படிஞ்சுடும், ஒவ்வொரு தடவையும் கலக்கிட்டுத்தான் ஊத்தணும்.

இதுக்கு ஒரே ஒரு பெருமை, யாருக்கும் அலர்ஜி வர்றது ரொம்ப அபூர்வம், நட்ஸ் சோயா குளூட்டன் எதுவும் இல்ல. ரேஷன் அரிசி வீட்ல இருந்தா செலவு பூஜ்யம். மத்தபடி நாலுலயும் சத்துல கடைசி இதுதான், புரதம் பேருக்கு, மாவுச்சத்து மட்டும் சீக்கிரம் சர்க்கரையா ஏறும். வீட்ல சுகர் இருக்கறவங்களுக்கு தினசரி டம்ளருக்கு இது வேண்டாம்.

சின்னக் குழந்தைக்கும் வேண்டாம், இதை அழுத்திச் சொல்றேன். நெல் தண்ணி நிக்கற வயல்ல வளர்றதால மண்ணுல இருக்கற ஆர்செனிக்கை மத்த தானியத்தை விட நிறைய எடுத்துக்கும். பிரிட்டன்ல அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளுக்கு அரிசிப் பானம் பாலுக்கு பதிலா குடுக்காதீங்கன்னே அரசு சொல்லுது. சாதம் சாப்பிடறதையே விடணும்னு அர்த்தமில்ல, அதுக்கு மேல தினமும் டம்ளர் டம்ளரா ஏத்தறதுதான் பிரச்சன.

எங்க நல்லாயிருக்கும்னா பாயாசம், இளசா ஒரு சூப், குழம்பு கெட்டியாக்க. மெக்சிகோல அரிசியை பட்டையோட ஊறவெச்சு அரைச்சு சர்க்கரை போட்டு ஐஸ் போட்டு ஓர்சாத்தான்னு குடிக்கறாங்க, வெயில் காலத்துல ஏலக்காய் போட்டு ஒரு தடவை அப்படிப் பண்ணிப் பாருங்க, சூடு பண்ணாததால கெட்டியாகற பேச்சே இல்ல. ஆனா பச்சை அரிசிங்கறதால அன்னன்னிக்கே ஃப்ரிட்ஜ்ல வெச்சு குடிச்சு முடிச்சுடணும்.

கேழ்வரகுப் பால்

இது புதுசு இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். கேழ்வரகை ஊறவெச்சு அரைச்சு துணில பாலைப் பிழிஞ்சு கைக்குழந்தைக்கு கூழ் காய்ச்சறது நம்ம ஊர்லயும் கேரளாலயும் காலகாலமா இருக்கு, கர்நாடகால இதே பால்ல வெல்லம் தேங்காய்ப்பால் சேர்த்து ஹால்பாய்னு ஸ்வீட்டே பண்றாங்க.

எட்டு மணி நேரம் ஊறவெச்சு, தண்ணி வடிச்சு, ஈரத்துணில கட்டி ஒரு நாள் தொங்க விட்டா முளை விடும். அதை அரைச்சு தேங்காய்ப் பால் எடுக்கற மாதிரியே முதல் பால் ரெண்டாம் பால்னு எடுக்கணும். 100 கிராமுக்கு முக்கால் லிட்டர் வரைக்கும் எடுக்கலாம். செலவு அஞ்சாறு ரூபா. நேரம்தான் செலவு, நாளைக்கு காலைல பால் வேணும்னா நேத்தே ஆரம்பிச்சிருக்கணும்.

கால்சியம் பத்தி எல்லாரும் சொல்ற கணக்கு ஒன்னு இருக்கு, கேழ்வரகுல 100 கிராமுக்கு 364 மில்லிகிராம், பால்ல 118 தான், அப்ப மூணு மடங்குன்னு. தானியமா பாத்தா சரி. பாலா எடுத்தா அந்த 364 முக்கால் லிட்டர் தண்ணில பரவுது, ஒரு துளி விடாம இறங்கினாலே 100 மிலிக்கு 50 மில்லிகிராம்தான் வருது, அதுலயும் கேழ்வரகு கால்சியம் நிறைய இருக்கறது மேல் தோல்ல, அந்தத் தோலைத்தான் நாம துணில வடிச்சு வெளில போடறோம். ஆக கால்சியத்துக்காக கேழ்வரகுன்னா பால் எடுக்காதீங்க, களியோ கூழோ அடையோ பண்ணி முழுசா சாப்பிடுங்க. இதைச் சொன்னா என் மாமியாருக்கு கோவம் வரும், அவங்க ரெண்டு பிள்ளைங்களையும் கேழ்வரகுப் பால் கூழ்லதான் வளர்த்தாங்களாம், வளர்ந்தாங்கதான், தாய்ப்பாலும் கூடவே இருந்துச்சு அத்தைன்னு மெதுவா சொல்லி வெச்சேன்.

டீக்கு? பழுப்பா, மண் வாசத்தோட ஒரு டீ வரும். காபில சேரவே சேராது. வெல்லம் ஏலக்காய் போட்டு தனியா குடிக்க அருமை, சாக்லேட் பவுடரோடயும் நல்லா போகும், நிறமும் பொருந்திடும்.

ஆனா கேழ்வரகோட உண்மையான திறமை வேற இடத்துல இருக்கு, இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்கு தலைகால் புரியல. கம்பெனிகள் ஓட்ஸ் பாலை கெட்டியாகாம இனிப்பா வைக்கறதுக்கு அமைலேஸ்னு ஒரு நொதியைச் சேர்க்கறாங்க, அது மாவுச்சத்தை வெட்டி சர்க்கரையாக்கும், ஸ்வீடன்ல லுண்ட் பல்கலைக்கழகத்துல 1990கள்ல வந்த ஓட்ஸ் பானத்துக்கு அடிப்படையே இதுதான். அந்த அமைலேஸ் முளைகட்டின கேழ்வரகுல ஏராளமா இருக்கு. குழந்தைக் கூழ்ல ஒரு ஸ்பூன் முளைகட்டின மாவு கலந்தா கூழ் இளகிடுங்கறது சத்துணவுக்காரங்களுக்கு ரொம்ப நாளா தெரிஞ்ச விஷயம். அப்ப ஓட்ஸ் பால்ல கலந்தா?

கலந்தேன். அரை லிட்டர் ஓட்ஸ் பாலை சின்ன தீல வெச்சு கிண்டிக்கிட்டே இருக்கணும், விரல் வெச்சா சுரீர்னு பட்டு எடுத்துடற சூடு வந்து லேசா கெட்டியாக ஆரம்பிக்கறப்ப அடுப்பை அணைச்சுட்டு, முளைகட்டின கேழ்வரகு மாவு ஒரு டீஸ்பூனை பச்சைத் தண்ணில கரைச்சு ஊத்தி, மூடி இருவது நிமிஷம் விடணும். திறந்து பாத்தா தண்ணியா இளகி, சர்க்கரை போடாமலே லேசான இனிப்போட இருக்கும். அப்புறம் ஒரே ஒரு கொதி விட்டு, அப்பதான் நொதி வேலையை நிறுத்தும், மறுபடி வடிகட்டி வெச்சுக்கலாம். இந்தப் பால் டீல கொதிச்சாலும் முன்ன மாதிரி கஞ்சியாகறதில்ல. ஒரு விஷயம் கவனம், மாவு வெயில்ல காஞ்சதா இருக்கணும், நல்லா சிவக்க வறுத்து அரைச்ச மாவுல நொதி செத்துப் போயிருக்கும், கடை சத்துமாவு பலதும் அப்படி வறுத்ததுதான். அப்புறம் இன்னொன்னு, இனிப்பு வர்றதே மாவுச்சத்து சர்க்கரையா மாறினதாலதான், சர்க்கரை சேர்க்கலைன்னு போட்ட கடை ஓட்ஸ் பாலும் இனிக்கறது இதனாலதான், சுகர் உள்ளவங்க இதை சும்மா பால்னு கணக்குல எடுத்துக்க வேண்டாம்.

கம்புப் பால்

கம்புல இரும்புச்சத்து நல்லாவே இருக்கு, 100 கிராமுக்கு 6 மில்லிகிராம் சுமார், புரதம் 10, 11 கிராம். அரிசி கேழ்வரகு ரெண்டையும் விட கொழுப்பும் ஜாஸ்தி, அதனால பால் கொஞ்சம் கொழகொழன்னு நிறைவா இருக்கும். லேசா தண்ணி தெளிச்சு மிக்ஸில ஒரு சுத்து விட்டு புடைச்சு உமியை எடுக்கணும், பத்து மணி நேரம் ஊறணும், அப்புறம் அரைச்சு வடிகட்டணும். உமி எடுக்காம விட்டா தொண்டைல கரகரன்னு நிக்கும்.

அந்தக் கொழுப்பேதான் வில்லனும். கம்பு மாவு அரைச்ச சில நாள்லயே கசப்பு ஏறிடும், அதனால மாவா வாங்காம முழுத் தானியமா வாங்கி அப்பப்ப அரைங்க. டீ காபிக்கு வேண்டவே வேண்டாம், சாம்பல் நிறம், தனி வாசம். உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு கூழ் மாதிரி கரைச்சு குடிக்கறவங்களுக்கு சரி, அப்படின்னா எதுக்கு வடிகட்டறீங்க, கூழாவே குடிக்கலாமே? தைராய்டு பிரச்சன இருக்கறவங்க தினசரி நிறைய எடுக்கறதுக்கு முன்னாடி டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்க, தைராய்டு வேலையைத் தடுக்கற சில பொருள் கம்புல இருக்கு.

கோதுமையை ஏன் விட்டேன்னு கேப்பீங்க. திருநெல்வேலி அல்வாவே சம்பா கோதுமையை ஊறவெச்சு அரைச்சு எடுக்கற பால்லதான். அந்தப் பால் அடுப்புல ஏறினா என்ன ஆகும்னு அல்வா கிண்டினவங்களுக்குத் தெரியும், அதை டீல ஊத்தி சோதிக்க எனக்கு தைரியம் இல்ல.

ஒரே பார்வைல

| | ஓட்ஸ் | அரிசி | கேழ்வரகு | கம்பு |
|---|---|---|---|---|
| டீ, காபி | டீ சுமார், தேங்காய்ப்பால் சேர்த்தா நல்லா | நீர்த்துப் போகும் | டீ மட்டும், மண் வாசம் | வேண்டாம் |
| முன்கூட்டிய வேலை | இல்ல | 4, 5 மணி ஊறல் | 8 மணி ஊறல், ஒரு நாள் முளை | உமி எடுத்து 10 மணி ஊறல் |
| 100 கிராம் விலை, எங்க கடைல | 20 ரூபா சொச்சம் | 6 ரூபா, ரேஷன்னா இலவசம் | 5, 6 ரூபா | 5 ரூபா |
| ஃப்ரிட்ஜ்ல | 2, 3 நாள் | அன்னிக்கே, காய்ச்சினா 2 நாள் | 1 நாள், முளை கட்டினது சீக்கிரம் புளிக்கும் | 1 நாள் |
| யாருக்கு ஆகாது | குளூட்டன் ஒத்துக்காதவங்க கவனம் | சின்னக் குழந்தை, சுகர் | கால்சியத்தை நம்பி எடுக்கறவங்க | தைராய்டு இருந்தா கேட்டுட்டு |

விலைப்பட்டியல்ல வராத செலவு

முதல்ல துணி. வடிகட்டற துணியை உடனே அலசி வெயில்ல காயப் போடலைன்னா மறுநாள் ஒரு புளிச்ச வாடை, அது அடுத்த பாலுக்கும் ஏறும். எனக்கு மாசம் ஒரு துணி போகுது. மிக்ஸி ஜார், வடிகட்டி, ரெண்டு பாத்திரம், பாட்டில், இதெல்லாம் கழுவறது யார்ங்கறதை வீட்ல முதல்லயே பேசிடுங்க.

அடுத்தது சக்கை. ஓட்ஸ் சக்கையை தோசை மாவுல, சப்பாத்தி மாவுல போட்டுடலாம். கேழ்வரகு சக்கைல கால்சியமே இருக்குன்னு சொன்னேன் இல்ல, அதை அடைல போடுங்க, கொஞ்சம் நரநரன்னு இருக்கும் பரவாயில்ல. ரெண்டு வாரம் தொடர்ந்து பால் எடுத்தீங்கன்னா வீட்ல எல்லாரும் தோசையைப் பாத்து சந்தேகப்பட ஆரம்பிச்சுடுவாங்க.

பெரிய செலவு சத்துலதான். பி12 எந்த தானியத்துலயும் கிடையாது. பால் தயிர் முட்டை மீன் எல்லாத்தையும் நிறுத்தினவங்க பி12 மாத்திரைக்குத் தனியா வழி பண்ணியே ஆகணும். புரதத்துக்கு பருப்பு சுண்டல் பக்கம் போங்க, தானியப் பாலை நம்பாதீங்க. ஒரு வயசுக்குள்ள உள்ள குழந்தைக்கு இதுல எதையும் தாய்ப்பாலுக்கோ ஃபார்முலாவுக்கோ பதிலா குடுக்கக் கூடாது, ஆறு மாசத்துக்கு அப்புறம் கூழா, கூட ஒரு சாப்பாடா, குடுக்கறது வேற கதை.

யார் எதை எடுக்கலாம்

காலைல அவசரம், ஒரு டீயும் காபியும் மட்டும்தான் பிரச்சனன்னா ஓட்ஸ், யோசிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை கொஞ்சம் நேரம் இருந்தா முளைகட்டின கேழ்வரகு மாவு ஒரு டப்பா பண்ணி வெச்சுக்கங்க, ஓட்ஸ் பாலுக்கு அது மாசக்கணக்குல வரும். வீட்ல ஒருத்தருக்கு நட்ஸ், சோயா, குளூட்டன் எல்லாமே அலர்ஜி, வேற வழியே இல்லைன்னா அரிசி, பெரியவங்களுக்கு மட்டும். பாலுக்கு மாத்து தேடாம சாயங்காலம் ஒரு சத்தான பானம்தான் வேணும்னா கேழ்வரகு, வெல்லத்தோட. கம்பை நான் இப்ப பாலா எடுக்கறதை நிறுத்திட்டேன், கூழுக்கு மட்டும் வாங்கறேன்.

லாக்டோஸ் மட்டும்தான் காரணம்னா இன்னொரு சின்ன சோதனை பண்ணிட்டு அப்புறம் மிக்ஸியை எடுங்க. பலருக்கு பால் ஒத்துக்காட்டியும் நல்லா உறைஞ்ச தயிர் ஒத்துக்கும், தயிர்ல இருக்கற பாக்டீரியா லாக்டோஸைக் கொஞ்சம் தின்னுடும், மிச்சத்தை செரிக்கவும் உதவும். எங்கப்பா விஷயத்துல அதுதான் நடந்துச்சு. இப்ப அவருக்கு தயிர் சாதம் பழையபடி ஓடுது, டீக்கு மட்டும் ஓட்ஸும் தேங்காயும். அம்மாவுக்கு தனியா ஒரு பாத்திரத்துல ஆவின் பால் பொங்கப் பொங்க கொதிக்குது.